போத்தலுக்குள் ஒரு மூச்சு

சளார்!

கண்ணாடி நொருங்கிய சத்தத்தோடுதான் ஜெனிஸ்ரன் மாமியார் வீட்டு வாசலைத் தாண்டினான்.

கொழும்பில் இரவு பஸ் பிடித்து, விடியும் நேரம் மன்னாரில் இறங்கி, ஓட்டோவில் கீரிக் கிராமத்துக்கு வந்து, படலையைக் கிறீச்சிடாமல் திறந்து, செருப்பையும் வெளியிலேயே விட்டுவிட்டுப் பூனை மாதிரி உள்ளே வந்தவன் அவன். “டினோஜா” என்று ஒரே ஒரு தரம்தான் கூப்பிட்டான். மேசைக்கு முன்னால் முதுகு காட்டி நின்ற அவன் மனைவி துள்ளித் திரும்பினாள். கையிலிருந்த போத்தல் சீமெந்துத் தரையில் விழுந்து தூள்தூளாகியது.

“ஐயோ மாதாவே! என்ன வேலை பாத்தீங்கள்!”

“நான் என்ன செய்தனான்? கூப்பிட்டனான். பேயைக் கண்ட மாதிரி ஏன் நடுங்கிறீர்?”

“சொல்லாமக் கொள்ளாம வந்து முதுகுக்குப் பின்னால நிண்டா ஆருக்குத்தான் நடுங்காது? அதுவும் வியாழக்கிழமையில…”

வியாழக்கிழமையில்! அந்தச் சொல் முள் மாதிரி ஜெனிஸ்ரனுக்குக் குத்தியது. மற்ற நாளில் வந்திருந்தால் பரவாயில்லையாக்கும். வியாழனில் வந்ததுதான் அவளுக்குக் கஷ்டம்.

டினோஜா குந்தியிருந்து துண்டுகளைப் பொறுக்கினாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவன் தாலி கட்டிய அதே முகம்தான். ஆனால் இப்போது அவள் அவனைப் பார்க்கவில்லை. போத்தலைத்தான் பார்த்தாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

“ரெண்டில ஒண்டு போச்சு. இண்டைக்கு ஒற்றைப் போத்தல்தான்” என்றாள்.

அந்தப் போத்தல்களின் கதையைச் சொல்லாமல் ஜெனிஸ்ரனின் கதையைச் சொல்ல முடியாது.

விஞ்ஞானப் பட்டம் முடித்து நாலு வருடம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தவள் டினோஜா. போன ஜூன் மாதம்தான் மன்னாரில் ஒரு சின்னக் கடல் ஆய்வுக் கந்தோரில் அவளுக்கு இந்த வேலை கிடைத்தது. விண்ணப்பம் போடச் சொன்னவனே ஜெனிஸ்ரன்தான். வேலை இதுதான். ஒவ்வொரு வியாழனும் பின்னேரம் இரண்டு மணிக்குக் கடற்கரைக்குப் போக வேண்டும். கடலிலிருந்து வரும் காற்றை இரண்டு கண்ணாடிப் போத்தல்களில் அடைக்க வேண்டும். தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் காலத்தில் தீவின் தெற்குக் கரை, வடக்கிலிருந்து வாடை வீசும் காலத்தில் கீரிக் கரை. எந்தப் பக்கத்துக் கடலிலிருந்து காற்று வருகிறதோ அந்தப் பக்கம். போத்தல்கள் பெட்டியில் ஏறி வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றுக்குப் போகும். அங்கே அந்தக் காற்றில் மெதேன் எவ்வளவு, காபனோரொட்சைட்டு (CO) எவ்வளவு, காபனீரொட்சைட்டு (CO₂) எவ்வளவு என்று துல்லியமாக அளப்பார்கள். நாலு கிழமைக்குள் அந்த எண்கள் கொழும்புக்கு வந்துவிடும்.

கொழும்பில் அந்த எண்களுக்காகக் காத்திருப்பவன் ஜெனிஸ்ரன். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளன். அவனிடம் ஒரு மொடல் இருந்தது. கணினிக்குள் அவன் கட்டிய வானம் அது. வியாழன் இரண்டு மணிக்கு மன்னாரில் பிடித்த காற்றை அந்த மொடலுக்குள் பின்னோக்கி ஓடவிடுவான். ஒரு மணிக்கு அது எங்கே நின்றது, நேற்று எங்கே நின்றது, முந்தாநாள் எங்கே நின்றது என்று படத்தில் கோடு கோடாக ஓடும். வெள்ளாங்குளத்து வயலைத் தொட்டு வந்த காற்றென்றால் மெதேன் கூடியிருக்க வேண்டும். எங்காவது குப்பை எரித்த புகையைத் தொட்டு வந்ததென்றால் காபனோரொட்சைட்டு கூடியிருக்க வேண்டும். நடுக்கடலால் வந்ததென்றால் எதுவுமே கூடியிருக்கக் கூடாது. மொடல் சொன்னதும் போத்தல் சொன்னதும் ஒத்துவந்தால் அன்று முழுக்க ஜெனிஸ்ரன் விசிலடிப்பான்.

ஆறு மாதம் விசிலடித்தான். ஜனவரியிலிருந்து விசில் நின்றுபோனது.

ஜனவரி இரண்டாவது வியாழன் தொடக்கம், மன்னாரில் பிடித்த ஒவ்வொரு போத்தலிலும் காபனீரொட்சைட்டு மட்டும் பத்து லட்சத்துக்கு நாலைந்து பங்கு கூடியிருந்தது. மெதேன் கூடவில்லை. ஆகவே வயல் இல்லை. காபனோரொட்சைட்டு கூடவில்லை. ஆகவே புகையும் இல்லை, வாகனமும் இல்லை. கடல் காற்றில், பட்டப்பகலில், அது மட்டும் கூடுவதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு என்பது இந்தத் தொழிலில் உள்ள சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மனித மூச்சு.

அதனால்தான் போத்தல் நிரப்புகிறவர்களுக்கு முதல் பாடமே மூச்சுப் பிடிப்பது. போத்தல் நிரம்பும் நேரம் மூச்சு விடக் கூடாது. வாய் திறந்து கதைக்கவே கூடாது. டினோஜா ஆறு மாதம் அதைக் கோயில் கட்டளை மாதிரிக் காத்தவள். அப்படிப்பட்டவள் ஏன் மூச்சு விடுகிறாள்? யாரோடோ கதைக்கிறாள். யாரோடு?

அதற்கு விடை தேட மொடல் தேவைப்படவில்லை. ஜனவரியில்தான் கந்தோருக்குப் புது உதவியாளன் ஒருவன் வந்தான். பெயர் றொட்னி. சங்கு குளிக்கிற குடும்பம். கட்டுமஸ்தான உடம்பு. பெட்டி தூக்குவது, ஓட்டோ ஓட்டுவது அவன் வேலை. வந்த கிழமையே டினோஜா தொலைபேசியில் சிரித்துச் சிரித்துச் சொன்னாள்:

“இஞ்சேருங்கோ, றொட்னி எனக்கு மூச்சுப் பிடிக்கப் பழக்கிறான். கடலுக்கடியில மூண்டு நிமிசம் நிக்கிறவனாம். நான் இப்ப ஒண்டரை நிமிசம் பிடிப்பன்!”

அன்றைக்கு விழுந்த பொறிதான். அடுத்த வியாழனிலிருந்து ஜெனிஸ்ரன் அவளுக்குத் தவறாமல் அழைப்பு எடுக்கத் தொடங்கினான். அதிலும் அவன் நியாயக்காரன். வேலையைக் குழப்பக் கூடாதல்லவா? ஒவ்வொரு போத்தலோடும் அவள் அனுப்பும் தாளில் நேரம் சரியாக இரண்டு மணி என்று இருக்கும். இரண்டு மணிக்குப் பிடித்து முடித்தால், இரண்டு பத்துக்கு எடுப்பதில் என்ன பிழை? மாசியில் ஒரு தரம், “கொஞ்சம் பிந்தி எடுங்கோவன்” என்று அவள் கேட்டாள். அவன் இரண்டு நாள் அவளோடு கதைக்கவேயில்லை. அதற்குப் பிறகு அவளும் கேட்கவில்லை. அவனும் ஒரு நிமிடம்கூடப் பிந்தவில்லை.

மூச்சுப் பிடிக்கப் பழக்கிறவன் வந்த பிறகுதான் போத்தலுக்குள் மூச்சு வந்திருக்கிறது! இதை நினைக்கும்போதெல்லாம் ஜெனிஸ்ரன் பழைய தாள்களை எடுத்துப் புரட்டினான். அவற்றில் இன்னொன்றும் உறுத்தியது. தாளின் கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் உண்டு. பக்கத்தில் ஆடு வந்தாலும், படகு போனாலும் எழுத வேண்டிய கட்டம். மற்ற மாதங்களில் அதில் எதையாவது எழுதியிருந்தவள், ஜனவரியிலிருந்து ஒரு சொல் எழுதவில்லை. எதையோ மறைக்கிறாள்.

அதைக் கண்ணால் பார்க்கத்தான் இரவு பஸ் ஏறி வந்திருக்கிறான்.

“வாங்கோ தம்பி, வாங்கோ!” குசினியிலிருந்து மாமியார் றஞ்சிதம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “ஒரு போன் போட்டிருந்தா நண்டு வாங்கி வைச்சிருப்பனே. தபசுகாலம், இறைச்சியும் இல்லை. புட்டும் சொதியும்தான் கிடக்கு.”

“அது காணும் மாமி.”

“இருங்கோ.” கதிரையை இழுத்துப் போட்டாள். “போத்தலுக்கு அழாதையடி. மனுசன் வந்திருக்கு, போத்தலைப் பாத்து அழுறாள். தம்பி, இந்தப் போத்தல் வந்த நாளில இருந்து இவளுக்குப் பிடிச்சிருக்கிற விசரைப் பாத்தியளெண்டா! காலமை எழும்பி முகத்தை வாளித் தண்ணிக்குள்ள வைச்சுக்கொண்டு நிப்பாள். பக்கத்து வீட்டுப் பெடியன் வந்து எண்ணுவான், அம்பத்தொண்டு, அம்பத்திரண்டு எண்டு…”

“எந்தப் பெடியன்?”

“றொட்னியின்ர தம்பியார். பள்ளிக்கூடம் போறவன்.”

குடும்பத்தோடு வந்து போகிறார்கள்! ஜெனிஸ்ரன் புட்டை மென்றான்.

டினோஜா மிச்சமிருந்த போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கீறல் இருக்கிறதா என்று விரலால் தடவினாள். பிள்ளையின் தலையைத் தடவுகிற மாதிரித் தடவினாள். கொழும்புக்கு வாரும், அங்கே வேலை பார்க்கலாம் என்று அவன் எத்தனை தரம் கேட்டிருப்பான்! “ஒரு தாளில கீழ என்ர பேர் வருது, ஜெனி. நாலு வருசத்துக்குப் பிறகு. அதை விட்டிட்டு வரச் சொல்லாதேங்கோ” என்று ஒவ்வொரு தரமும் சொல்லிவிட்டாள். இப்போது யோசித்தால், தாளில் பேர் வருவதுதான் காரணமா என்ன?

“இண்டைக்கு நானும் வரட்டோ?” மெல்லக் கேட்டான். “கடற்கரைக்கு.”

“நீங்களோ?” அவள் சிரித்தாள். “ஒம்பது மாசமா எண்களைத்தான் பாத்தனீங்கள். ஒரு நாளாவது போத்தல் நிரம்பிறதைப் பாத்தனீங்களோ? வாங்கோவன். ஆனா…” சிரிப்பு நின்றது. “ஒரு ஆள் கூடினா ஒரு மூச்சுக் கூடுமெண்டு நீங்கள்தானே எங்களுக்கு எழுதி அனுப்பினது?”

எங்களுக்கு! எனக்கு என்று சொல்லவில்லை.

“சரி, வேண்டாம். நான் அடம்பனுக்குப் போய்ச் சித்தப்பாவைப் பாத்திட்டுப் பொழுதுபட வாறன்.”

“அது நல்லது. பாத்து எவ்வளவு காலம்.” தயங்கினாள். “ஜெனி, ஒண்டு சொல்லட்டோ? கோவிக்கக் கூடாது. இண்டைக்கு ஒற்றைப் போத்தல்தானே. அதால… ரெண்டு பத்துக்கு எடுக்காதேங்கோ. ரெண்டரைக்கு எடுங்கோ. ஏனெண்டா…”

“சரி, சரி.” அவன் கையைக் கழுவ எழும்பிவிட்டான். காரணம் கேட்க அவனுக்குத் தேவையில்லை. பொய்க் காரணம் ஒன்றை அவள் வாயால் கேட்டுவிட்டால், பிறகு அந்த முகத்தைப் பார்க்கவே முடியாமல் போய்விடும்.

மதியம் பன்னிரண்டரைக்கு அடம்பன் போகிறேன் என்று வெளிக்கிட்டவன், மன்னார் பஸ் நிலையத்தில் ஒரு தேத்தண்ணீர் குடித்தான். அடம்பன் பஸ் அவன் கண்ணுக்கு முன்னாலேயே புகை விட்டுக்கொண்டு பாலத்துப் பக்கம் போனது. அவன் வேறொரு ஓட்டோ பிடித்து, கீரிக்கு இரண்டு வளைவு முன்னாலேயே இறங்கி, பனைகளுக்குள்ளால் நடந்தான்.

கரையில் கவிழ்த்துப் போட்ட ஃபைபர் படகுகள் ஆறேழு கிடந்தன. கடைசிப் படகின் பின்னால் குந்திக்கொண்டான். மணல் நெருப்பாய்ச் சுட்டது. எங்கிருந்தோ ஒரு கழுதை வந்து, முன்காலைத் தூக்கி வைத்து, அவனை ஏற இறங்கப் பார்த்தது. “போ! சூ!” என்றான். அது போகவில்லை. படித்த மனுசன், செருப்பு முழுக்க மண்ணோடு படகுக்குப் பின்னால் பதுங்கியிருப்பதைக் கழுதைகூட நின்று வேடிக்கை பார்க்கிறது!

வாடை முடிகிற காலம். ஆனாலும் கடலிலிருந்து காற்று ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. சட்டை முதுகில் படபடத்தது.

கைபேசியை எடுத்தான். ஒரு கிழமையாக எழுதி வைத்திருந்த கடிதம் அதில் இருந்தது. போத்தல் வேலையை நடத்துகிற தலைமை ஆய்வுகூடத்துக்கு எழுதியது. ‘ஜனவரி முதல் மன்னார்ப் போத்தல்கள் மனித மூச்சினால் கெட்டவை. போத்தல் நிரப்பும் இடத்தில் தேவையற்ற பேச்சு உண்டு. உதவியாளரை மாற்ற வேண்டும்.’ அவ்வளவுதான். விஞ்ஞானம்தான். அதில் பொறாமையில் எழுதிய சொல் ஒன்றுகூட இல்லை என்று நூறு தரம் வாசித்துத் தனக்குத்தானே சொல்லியிருந்தான். அனுப்ப மட்டும் விரல் வரவில்லை.

இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்க ஓட்டோ வந்தது.

றொட்னி இறங்கினான். நினைத்ததைவிட உயரம். நினைத்ததைவிட இளமை. பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கித் தண்ணீருக்குப் பத்தடி இப்பால் கொண்டுபோய் வைத்தான். ஆள் உயரக் கம்பொன்றை நிறுத்தினான். அதன் நுனியில்தான் காற்று இழுக்கும் குழாய். டினோஜா கடலைப் பார்த்து நின்று, கைக்குட்டையை விரித்துப் பிடித்துக் காற்று வரும் பக்கத்தைச் சரி பார்த்தாள். பிறகு ஒற்றைப் போத்தலைப் பெட்டிக்குள் பூட்டினாள்.

சரியாக இரண்டு மணி. பம்ப் உறுமத் தொடங்கியது. அவள் தாளில் நேரத்தை எழுதினாள்.

எழுதிய கையோடு இரண்டு பேரும் பெட்டியை விட்டுவிட்டு, கரைப் பக்கமாகத் திரும்பி, ஓட்டோவை நோக்கி நடந்துவந்தார்கள். ஜெனிஸ்ரன் ஒளிந்திருந்த படகிலிருந்து முப்பது அடிகூட இல்லை.

அவ்வளவுதான், போத்தல் பிடித்தாகிவிட்டது என்று ஜெனிஸ்ரன் நினைத்துக்கொண்டான். இனித்தான் மற்றது.

“மிஸ், ஒற்றைப் போத்தலெண்டா அரைவாசிச் சம்பளம்தானாம்” என்றான் றொட்னி.

“உனக்கும் அரைவாசிச் சோறுதான் போடச் சொல்லுறன் கொம்மாட்டை.”

“அம்மா அரைவாசி போட்டாலும் அது ரெண்டு கோப்பை வரும்!”

அவள் சிரித்தாள். வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, காதில் தோடு ஆட ஆடச் சிரித்தாள். கலியாணம் பேசிய காலத்தில் ஜெனிஸ்ரனோடு சிரித்த சிரிப்பு. தொலைபேசியில் இந்த மூன்று மாதமும் ஒரு தரமாவது அவன் அதைக் கேட்டானா? “எங்க நிக்கிறீர், பக்கத்தில ஆர், ஏன் பிந்தி எடுத்தனீர்” என்று கேட்டதற்கெல்லாம் அவள் “ஓம்”, “இல்லை” என்றுதான் சொல்லியிருக்கிறாள். சிரிப்பை இங்கே கொண்டுவந்து ஒரு சங்கு குளிக்கிறவனுக்குக் கொட்டுகிறாள்!

“மிஸ், நெஞ்சைத் தளர்த்துங்கோ. தோளைத் தூக்கக் கூடாதெண்டு எத்தினை தரம் சொன்னனான். மூச்சு வயித்துக்குத்தான் போகோணும்.” றொட்னி தன் வயிற்றில் கை வைத்துக் காட்டினான். டினோஜா கண்ணை மூடி மூச்சை இழுத்தாள், விட்டாள், இழுத்தாள். அவன் எதிரில் நின்று விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான். அவள் கண்ணைத் திறந்தபோது அந்தப் பார்வை நேரே றொட்னியின் கையில் போய் நின்றது. அங்கே இங்கே அசையவில்லை.

உலகத்தில் உள்ள காற்றையெல்லாம் பின்னோக்கியும் முன்னோக்கியும் ஓடவிடத் தெரிந்தவனுக்கு, தன் முகத்தில் அடிக்கிற காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்பது மறந்துபோனது. அவர்கள் பேசிய பேச்சும், சிரித்த சிரிப்பும், விட்ட மூச்சும் போத்தலை விட்டு விலகி, அவன் ஒளிந்திருந்த படகையும் கழுதையையும் தாண்டிப் பனைகளுக்குள் போய்க்கொண்டிருந்தன. அவன் அதைக் கணக்கெடுக்கவேயில்லை.

கைபேசியில் கடிதத்தைத் திறந்தான். ‘உதவியாளரை மாற்ற வேண்டும்’ என்ற வரிக்கு வந்தான். ‘போத்தல் நிரப்புபவரையும் உதவியாளரையும்’ என்று திருத்தினான். வேலை போனால் கொழும்புக்கு வருவாள்தானே? வராமல் எங்கே போவாள்?

அனுப்பினான். சின்னதாக ஒரு ஒலி எழுந்தது. கழுதை காதை நிமிர்த்தியது.

முடிந்தது. மூன்று மாதமாக நெஞ்சுக்குள் கிடந்த கல்லை எடுத்து எறிந்தாகிவிட்டது. ஆனால் நெஞ்சு லேசாகவில்லை. இன்னும் ஒன்று வேண்டும் போலிருந்தது. அவளுடைய பொய்யைக் காதாலும் கேட்க வேண்டும், சொல்லும்போது முகத்தைக் கண்ணாலும் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு மனதில் கேள்வியே இருக்காது.

நேரத்தைப் பார்த்தான். இரண்டு பத்து. ரெண்டரைக்கு எடுக்கட்டாம்! எடுக்கிறேன் பார்.

அந்த நேரம் டினோஜா கடைசியாக ஒரு பெரிய மூச்சை இழுத்து, வாயை இறுக்கி மூடி, விறுவிறென்று பெட்டியை நோக்கி நடந்தாள். றொட்னி நின்ற இடத்திலேயே நின்றான். அவள் குனிந்து பெட்டியில் ஒரு திருகை மூடினாள். பம்பின் உறுமல் கனத்தது. நிமிர்ந்து றொட்னியின் கையைப் பார்த்தாள். அவன் இரண்டு கையையும் உயரத் தூக்கி விரல்களை விரித்தான். பத்து. இன்னொரு தரம். இருபது.

ஜெனிஸ்ரன் அழைத்தான்.

காற்றோடு அவளுடைய கைபேசி மணி அவனுக்குக் கேட்டது. டினோஜாவின் உடம்பு ஒரு தரம் தூக்கிப்போட்டது. காலையில் போத்தல் விழுந்தபோது பார்த்த அதே துள்ளல். கையைச் சட்டைப்பைக்குள் விட்டாள். திரையைப் பார்த்தாள்.

றொட்னி இரண்டு கையையும் குறுக்கே ஆட்டினான். “வேண்டாம் மிஸ்! எடுக்காதேங்கோ! இன்னும் நாப்பது செக்கன்தான்! ஒற்றைப் போத்தல் மிஸ்!”

அவள் அவனைப் பார்த்தாள். கைபேசியைப் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டேயிருந்தது. அவளுடைய தோள் இறங்குவதைப் படகுக்குப் பின்னாலிருந்தே ஜெனிஸ்ரன் கண்டான். பிடித்திருந்த மூச்சு முழுவதும் ஒரேயடியாக வெளியே போனது.

“சொல்லுங்கோ” என்றாள். அந்தக் குரல் அவனுக்கு இரண்டு பக்கத்தாலும் கேட்டது. ஒரு காதுக்குக் கைபேசியால், மற்றக் காதுக்குக் காற்றால். “அடம்பனுக்குப் போய்ச் சேந்திட்டியளோ?”

“ஓம்” என்றான் ஜெனிஸ்ரன். பொய் சொல்வது இவ்வளவு சுலபமா என்றிருந்தது. “அது என்ன சத்தம்? ஆர் பக்கத்தில?”

“பம்ப், ஜெனி. பொறுங்கோ, தள்ளி நிக்கிறன்.”

அவள் உறுமலை விட்டுக் கடல் பக்கமாக நாலு அடி வைத்தாள். காற்று கைபேசிக்குள் இரையாமல் இருக்கக் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். இப்போது அவள் வாய் கரைப் பக்கம். அவளுக்கு நேர் எதிரே, அவளிடமிருந்து காற்றுப் போகிற திசையில், கம்பும் குழாயும். அவள் பேசுகிற ஒவ்வொரு சொல்லும் நேரே குழாய்க்குள் போனது.

ஜெனிஸ்ரன் அந்த நேர்கோட்டைக் கண்ணால் தொடர்ந்தான். இதை மொடலில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

“இப்ப கேக்குதோ? றொட்னி அங்கால ஓட்டோவடியில நிக்கிறான். பக்கத்தில ஒருத்தரும் இல்லை. போதுமோ?” என்றாள் டினோஜா. ‘போதுமோ’ என்பதில் கோபம்கூட இல்லை. பழகிப்போன களைப்புத்தான் இருந்தது.

“போத்தல்… போத்தல் ரெண்டு மணிக்கே முடிஞ்சிருக்குமே?”

“ரெண்டு மணிக்குத் துவங்கிறது. பத்து நிமிசம் காத்தை விட்டுப் போத்தலைக் கழுவித்தான் பிறகு நிரப்பிறது. இப்பதான் நிரம்புது.”

அவனுடைய மொடல் மணிக்கணக்கில் ஓடுகிற மொடல். பத்து நிமிடம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அந்தப் பத்து நிமிடத்தை அவன் ஒரு நாளும் யோசித்ததில்லை. ஜனவரியிலிருந்து ஒவ்வொரு வியாழனும் இரண்டு பத்து. ஒரு நிமிடம் பிந்தாமல். அந்த வெறும் ‘குறிப்பு’க் கட்டத்தில் அவள் எழுதியிருக்க வேண்டியது அவனுடைய அழைப்பைத்தான்.

அங்கே நிரம்பிவிட்ட போத்தலின் திருகை மூட ஆளில்லாமல் பம்ப் உறுமிக்கொண்டிருந்தது. றொட்னி தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் குந்திவிட்டான். கழுதை படகைச் சுற்றி வந்து ஜெனிஸ்ரனின் தோளை முகர்ந்தது. அவனுடைய விரல் கைபேசித் திரையில், அனுப்பிய கடிதத்தைத் தேடி அங்குமிங்கும் அலைந்தது. திருப்பி எடுக்க அதில் வழியிருக்கவில்லை.

“ஜெனி? என்ன, கதைக்கிறியள் இல்லை?”

“நிரம்பிற நேரமெண்டா…” ஜெனிஸ்ரன் கழுதையின் முகத்தை ஒதுக்கினான். “நிரம்பிற நேரமெண்டா ஏன் எடுத்தனீர்? எடுக்காம விட்டிருக்கலாமே.”

கடற்கரையில் அவள் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, காலால் மணலைக் கிளறிக்கொண்டு நின்றாள்.

“எடுக்காட்டி ‘ஆரோட நிண்டனீர்’ எண்டு விடிய விடியக் கேப்பியள், அதுதான் ஒவ்வொரு வியாழனும் பிடிச்ச மூச்சை விட்டிட்டு உங்கட போனை எடுக்கிறனான்.”